ஸ்டியரிங் கட்சி, ரிமோட் கட்சி

கார் ஓட்டும் லைசென்ஸ் எனக்கு மூன்றாவது தடவைதான் கிடைத்தது. முதல் தடவை தோற்றதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது என்று வீட்டில் சொல்வார்கள். நான் சொல்வேன். மேசை விளிம்பில் வைத்துத் திருகி இறுக்கும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டியரிங்கை இன்றைக்கும் குற்றம் சொல்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் சில வருடங்களில் நடந்தது இது. எனக்கு இருபத்தைந்து வயது. மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு வற்றல்மிளகாய்க் கிடங்கின் மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தேன். காலையில் நாலைந்து பேருக்கு டைப்பிங் சொல்லிக்கொடுப்பேன். மத்தியானத்துக்கு மேல் அதே கம்ப்யூட்டர்களில் காலேஜ் பிள்ளைகள் கேம் விளையாட வருவார்கள். கீழே மூட்டை இறங்கினால் மேலே எல்லோரும் தும்முவோம். கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினால் மிளகாய் விதை விழும்.

அந்த ஸ்டியரிங்கை சென்டர் முதலாளியின் மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்திருந்தார். கறுப்புச் சக்கரம், காலுக்கு இரண்டு பெடல். கார் ரேஸ் விளையாட இதைவிட என்ன வேண்டும் என்று முதலாளி அதை வாசலை ஒட்டிய மேசையில் பூட்டிவைத்தார். ஒரு பிள்ளைகூட அதைத் தொடவில்லை. எல்லோருக்கும் கேம்பேட்தான் வேண்டும். இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கி, கட்டைவிரலால் தட்டி ஓட்டுகிற அந்தச் சின்ன சாமானை எங்கள் சென்டரில் ரிமோட் என்றுதான் சொல்வார்கள். ஸ்டியரிங்கின் மேல் நான் என் குடையை மாட்டிவைப்பேன்.

அதே கட்டிடத்தில், மாடிப்படியின் அடியில், ஒரு டிரைவிங் ஸ்கூல் இருந்தது. ஒரு பெஞ்சு, ஒரு மேசை, ஒரு கார். சொல்லிக்கொடுப்பவரை எங்கள் ஊரில் ஆசான் என்பார்கள். இவர் இருபத்தைந்து வருடம் கொச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் நடுவில் அரிசி லாரி ஓட்டியவர். ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பார். கோபம் வந்தால் திரும்பவும் தமிழுக்கு வருவார்.

நான் அவரிடம் சேர்ந்ததற்குக் காரணம் ஒரு கல்யாணப் பேச்சு. மாப்பிள்ளை வளைகுடாவில், கார் திருச்சூரில், அதை ஓட்ட ஆள் இல்லை. பெண்ணுக்கு டிரைவிங் தெரியுமா என்று கேட்டார்கள். கற்றுக்கொண்டிருக்கிறாள் என்று அப்பா வாய்தவறிச் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் நான் கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். எனக்கு க்ளச் என்றால் என்னவென்று புரிவதற்குள் மாப்பிள்ளை லைசென்ஸ் உள்ள வேறொரு பெண்ணைப் பார்த்துவிட்டார். பதிவு செய்தது செய்ததுதான் என்று நான் தொடர்ந்தேன்.

என்னோடு டிரைவிங் கற்றுக்கொண்டவர் சிஸ்டர். கார்ப்பரேஷன் டிஸ்பென்சரியில் நர்ஸ், ஐம்பத்திரண்டு வயது. பஜாரில் பாதிப் பேர் அவரிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள் என்பதால் அவர் நடந்து வந்தால் ஆண்கள் கொஞ்சம் ஒதுங்கி நிற்பார்கள். அவருடைய கணவர் முப்பது வருடம் ஃபெரி ஓட்டிய சிராங்கு. ஓய்வு பெற்றதும் ஆசையாக ஒரு பழைய கார் வாங்கினார். வாங்கிய பிறகுதான் இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருப்பது தெரிந்தது. கார் முற்றத்தில் தார்ப்பாய்க்குள் நின்றது. அதை நானே ஓட்டுவேன் என்று சிஸ்டர் கிளம்பிவிட்டார்.

நாங்கள் இருவரும் நாலே நாள் ஓட்டியிருந்தோம். ஐந்தாம் நாள் இடக்கொச்சிக்காரர் ஒருவர், பிரேக் என்று நினைத்து ஆக்சிலேட்டரை மிதித்து, ஸ்கூலின் ஒரே காரை, இறால் வளர்க்கும் செம்மீன் கெட்டுக்குள் இறக்கிவிட்டார். அவரும் ஆசானும் இடுப்பளவு தண்ணீரில் நடந்து கரையேறினார்கள். கார் ஒர்க்ஷாப்புக்குப் போனது. எங்களுக்கு டெஸ்ட்டுக்கு மூன்று வாரம்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து ஆசான் மாடியேறி வந்தார். கடுதாசி ஒன்று டைப் செய்ய வந்தவர் என் குடையைப் பார்த்தார். குடைக்கு அடியில் இருந்ததையும் பார்த்தார்.

"டீச்சரே, இந்தச் சக்கரம் திரியுமா?"

"திரியும் ஆசானே."

"பிரேக்கு உண்டா?"

"உண்டு."

"க்ளச்சு?"

"அது இல்ல."

இரண்டு பெடலையும் காலால் அமுக்கிப் பார்த்தார். "ஒரு கால் குறைஞ்ச வண்டி. சாரமில்ல, பரவாயில்ல, ஓடட்டும்."

மறுநாள் காலை ஏழு மணிக்கு என் டிரைவிங் வகுப்பு, நான் வேலை செய்யும் இடத்திலேயே, நான் உட்காரும் நாற்காலியிலேயே தொடங்கியது. ஆசான் கீழேயிருந்து 'எல்' போர்டைக் கொண்டுவந்து கயிற்றால் மானிட்டரின் பின்பக்கம் கட்டினார். அந்தப் பக்கம் சுவர்தான் இருந்தது. அதைக் கேட்டதற்கு, "ரூல் ரூல்தான்" என்றார். பக்கத்து பார்பர் கடையிலிருந்து ஒரு கைக்கண்ணாடி வாங்கி மானிட்டரின் தலையில் ஒட்டினார். அவர் என் இடதுபக்கம் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். காரில் அவர் காலடியில் தனி பிரேக் உண்டு. இங்கே இல்லை. ஆனாலும் நான் எதிலாவது மோதப்போகும் போதெல்லாம் தரையை ஓங்கி மிதிப்பார்.

"மிரர் பாரு!"

பார்த்தேன்.

"எந்தா தெரியுது?"

"சிஸ்டர் சாயா குடிக்கிறாங்க ஆசானே."

"தூரம் எவ்வளவு?"

"ஒரு ஆறடி."

"கொள்ளாம். அப்போ இண்டிகேட்டர் போட்டுட்டு வலது எடு."

இண்டிகேட்டர் இல்லை. ஜன்னல் கம்பிக்கு வெளியே கையை நீட்டிக் காட்டச் சொன்னார். மழைக்காலம்; கை நனைந்தது. கீழே மூட்டை தூக்குகிறவர்கள் முதல் நாள் அண்ணாந்து பார்த்தார்கள். இரண்டாம் நாள் ஒருவர் பதிலுக்குக் கை காட்டினார்.

கேமில் இருந்தது ஏதோ வெளிநாட்டு நகரம். அங்கே எல்லா வண்டியும் வலதுபக்கம் ஓடும். ஆசான் இடதுபக்கம்தான் போக வேண்டும் என்றார். எதிரே வருகிற ஒவ்வொரு காரும் என்னை இடித்தது. இடிபட்ட வண்டி ஆகாயத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி நாலு காலில் இறங்கும். "கண்டோ, நம்ம பேர்ல தப்பில்ல" என்பார். முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்ட விடமாட்டார். ரேஸில் எப்போதும் கடைசிதான். தோற்றுப்போனாய் என்று திரையில் எழுத்து வரும்போது அதைக் கையால் மறைத்துக்கொள்வார். "உயிரோட வந்து சேர்ந்தாச்சு. அது போரும்."

எனக்கு அது பிடித்திருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். மூன்றாம் நாளுக்குள் அந்தச் சக்கரம் என் கைக்குப் பழகிவிட்டது. அரைச் சுற்று திருப்பினால் வண்டி முழுதாக வளையும். கையை விட்டால் சக்கரம் தானே நேராகிவிடும். இவ்வளவு சுலபமான காரியத்துக்கா நாலு நாள் அழுதோம் என்று நினைத்தேன்.

சிஸ்டருக்கு அது ஒத்துவரவில்லை. எங்கள் நாற்காலிகளுக்கு உருளைக் கால். அவர் கனமான உடம்புக்காரர். பிரேக்கை மிதித்தால் திரையில் வண்டி நிற்கும், நாற்காலி பின்னால் ஓடும். அவர் எட்டி எட்டி மிதிக்க, அது ஓடிப் போய் டைப்பிங் மேசையில் முட்டி நிற்கும். ஆசான் நாற்காலியைக் கயிற்றால் ஜன்னல் கம்பியில் கட்டினார். அப்போது பெடல் பலகை வழுக்கி மேசைக்கு அடியில் போனது. ஐந்தாம் நாள் சிஸ்டர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு எழுந்து, மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் போய் உட்கார்ந்து, ரிமோட்டைக் கையில் எடுத்தார். முதல் ரேஸில் நாலாவதாக வந்தார். இரண்டாவதில் முதலாவதாக வந்தார்.

ஆசான் எழுந்து போய் அவர் கைகளை உற்றுப் பார்த்தார். கட்டைவிரல்கள் மட்டும் அசைந்தன.

"சிஸ்டரே, இது ஓட்டறதில்ல. சொறியறது."

"ஆசானே, ஊசி போடும்போது நான் தோளிலிருந்தா குத்தறேன்? விரல்லதான் காரியம்."

"வண்டியும் ஊசியும் ஒண்ணா?"

"ரெண்டும் தப்பினா ஆளுக்கு ஆபத்துதானே."

அன்றிலிருந்து சென்டரில் இரண்டு கட்சி. ஸ்டியரிங் கட்சியில் ஆசானும் நானும். ரிமோட் கட்சியில் சிஸ்டரும், மத்தியானம் வரும் அத்தனை பேரும். டிஸ்பென்சரி டியூட்டி முடிந்ததும் வெள்ளைச் சேலையோடு வந்து காலேஜ் பிள்ளைகளைத் தோற்கடிப்பார். ஜெயித்தவர்களிடம், "பயப்படாதே, லேசா ஒரு எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ரேஸில் முந்துவார்.

ஆசானால் அதைத் தாங்க முடியவில்லை. டெஸ்ட்டுக்குப் பத்து நாள் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அவரே சிஸ்டரோடு ஓட்டிக் காட்டுவதாகச் சொன்னார். இரண்டு கம்ப்யூட்டரையும் வயர் போட்டு இணைத்தேன். இவர் வண்டி அவர் திரையிலும் தெரியும்.

ஆசான் குளித்து, விபூதி வைத்து, வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். செருப்பைப் படியில் விட்டார். ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பெடலின் அடியில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்தார். புது வண்டி எடுத்தால் பழத்தின் மேல் சக்கரத்தை ஏற்றுவார்கள் அல்லவா, அந்தக் கணக்கு. நான் ஒன்று இரண்டு மூன்று சொன்னேன். சிஸ்டர் பறந்துவிட்டார். ஆசான் வண்டி அசையவில்லை.

"ஹாரன் எவிடே?"

"ஹாரன் இல்ல ஆசானே."

"ஹாரன் இல்லாம வண்டி எடுக்க மாட்டேன். ஆள் சாகும்."

"கேம்ல ஆளே கிடையாது."

"இவ்வளவு பெரிய டவுன், ஆள் இல்லையா?"

சிஸ்டர் அதற்குள் ஒரு சுற்று முடித்துவிட்டார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. "நீங்க எடுங்க, ஹாரன் நான் அடிக்கறேன்" என்றேன். அவர் வண்டியை எடுத்தார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று, அவர் தலையசைக்கும் போதெல்லாம், "பீம்! பீம்!" என்றேன். அவருக்கு அது போதவில்லை. "லாரி ஹாரன்" என்றார். "பாஆஆம்!" என்றேன். மிளகாய் நெடியில் பாதி ஹாரன் தும்மலாக வந்தது.

முதல் திருப்பத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கி, தோல் ஆக்சிலேட்டருக்கு அடியில் மாட்டிக்கொண்டது. எவ்வளவு மிதித்தாலும் இருபதுக்கு மேல் போகவில்லை. அது அவருக்குக் குறையாகவே படவில்லை. அடுத்த முக்கில் ஒரு சிக்னல் விளக்கு சிவப்பாக இருந்தது. ஆசான் நிறுத்திவிட்டார்.

"ஆசானே, அது வரைஞ்சது. மாறாது."

"சிவப்புன்னா சிவப்புதான்."

சிஸ்டரின் வண்டி இடதுபக்கமாக எங்களை உரசிக்கொண்டு கடந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கடந்தது. மூன்றாம் தடவை அவர் எங்களைப் பின்னாலிருந்து தட்டி, சிக்னலைத் தாண்டித் தள்ளிவிட்டார். ஆசான் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு எழுந்து நின்றார்.

"இடதுபக்கம் ஓவர்டேக்! ஹாரனும் இல்ல! இது கேஸாக்கும்!"

சிஸ்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "பின்னால வண்டி நிக்குது, மாறுங்க ஆசானே" என்றார்.

ரேஸ் முடிந்தது. திரையில் எழுத்து வந்தது. ஆசான் அதை மறைக்கவில்லை. திரும்ப உட்கார்ந்து, வண்டியை மெல்ல ஓரம் கட்டி, ஒரு சுவரை ஒட்டி நிறுத்தினார். பிறகு ஸ்டியரிங்கின் அடியில் வலதுகையால் துழாவினார். சாவியைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிய சற்று நேரம் ஆனது. கம்ப்யூட்டரை நானே அணைத்தேன். எனக்கு அழுகை வந்தது; தும்மலோடு தும்மலாக அது தெரியாமல் போயிற்று.

ஒர்க்ஷாப்பிலிருந்து கார் வந்தபோது டெஸ்ட்டுக்கு ஐந்து நாள் இருந்தது. சீட்டிலிருந்து செம்மீன் வாடை வந்தது. இரண்டு பேரும் மாறி மாறி ஓட்டினோம். க்ளச்சை விடும்போது வண்டி குதித்து நிற்கும். ஸ்டியரிங்கை அரைச் சுற்று திருப்பிவிட்டு நான் காத்திருப்பேன். கார் நேரே போகும். "வளைக்கு! வளைக்கு!" என்று ஆசான் கத்துவார். வளைத்தாயிற்று என்றுதான் என் கைகள் நினைத்துக்கொண்டிருந்தன. நிஜச் சக்கரத்தை மூன்று முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும் என்று என் மூளைக்குத் தெரியும். கைக்குத் தெரியாது.

டெஸ்ட் மைதானத்தில் கம்பி நட்டு, ரிப்பன் கட்டி, 'எச்' எழுத்து மாதிரி வழி போட்டிருப்பார்கள். அதற்குள் முன்னும் பின்னுமாக வண்டியை ஓட்டி வர வேண்டும். கம்பி விழுந்தால் தோல்வி. என்னை முதலில் கூப்பிட்டார்கள். முன்னால் போய்விட்டேன். ரிவர்ஸ் போட்டு, அரைச் சுற்று திருப்பி, கையை விட்டேன். சக்கரம் தானே நேராகும் என்று காத்திருந்தேன். அது ஆகவில்லை. வண்டி மிக மெதுவாக, எந்த அவசரமும் இல்லாமல், கம்பியை நோக்கிப் போனது. பிரேக் என்று ஒன்று இருப்பது என் நினைவுக்கு வரவில்லை. நான் செய்தது இதுதான்: இரண்டு கையையும் எடுத்து, ரேஸை முதலிலிருந்து தொடங்கும் பித்தானை டேஷ்போர்டில் தேடினேன். கைக்குக் கிடைத்த ஒன்றை அழுத்தினேன். வைப்பர் ஓடத் தொடங்கியது. கம்பி விழுந்தது.

இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் குனிந்தார். வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது.

"உள்ளில் மழையுண்டோ?" என்று கேட்டார்.

அடுத்தது சிஸ்டர். அவர் சக்கரத்தின் அடிப்பகுதியை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார், ஒரு கிண்ணத்தை ஏந்துவது போல. கட்டைவிரல்கள் மேலே நின்றன. அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக, விரல் மாற்றி விரல் மாற்றிச் சக்கரத்தை நகர்த்தினார். உலகத்தில் யாரும் அப்படிக் கார் ஓட்டி நான் பார்த்ததில்லை. ஒரு ரிப்பன்கூட ஆடவில்லை.

"சிஸ்டரே, இது எந்து பிடியா?"

"என்னோட பிடி சார்."

இன்ஸ்பெக்டர் ஆசானைப் பார்த்தார். ஆசான் வானத்தைப் பார்த்தார். "நான் சொல்லிக்கொடுத்தது இல்ல சார்" என்று மெல்லச் சொன்னார். பிடி இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை போலிருக்கிறது. சிஸ்டர் ரோட்டிலும் ஓட்டிக் காட்டி ஜெயித்துவிட்டார்.

திரும்பும் வழியில் எனக்குச் சாயாவும் இரண்டு பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தார். எப்படி முடிந்தது என்று கேட்டேன். "நான் வண்டிக்குள்ளேயே இல்ல டீச்சரே. கேம்ல மாதிரி, வண்டிக்குப் பின்னால, கொஞ்சம் மேல, ஒரு காக்கா உயரத்தில இருந்து பார்த்துக்கிட்டே ஓட்டினேன்" என்றார். இதைச் சொன்னவரிடம் ஊசி போட்டுக்கொண்டுதான் நாங்கள் எல்லோரும் உயிரோடு இருந்தோம்.

அடுத்த தடவை நான் எதிர்ப்பக்கமாகத் தவறினேன். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருந்து, இருந்த இடத்தைவிட்டு வெளியே வர முடியவில்லை. மூன்றாவதில் கிடைத்தது. கிடைத்த வாரமே சிஸ்டர் என்னை ஆலுவாவுக்குக் கூப்பிட்டார். அவர் கணவருக்கு அங்கே ஒரு கண்ணாஸ்பத்திரியில் வலதுகண் ஆபரேஷன் ஆகியிருந்தது. கட்டுப் பிரிக்க வேண்டும். நெடுந்தூரம் தனியாக ஓட்ட சிஸ்டருக்குத் தைரியமில்லை. என்னை நம்பவும் தைரியமில்லை. இரண்டு அரைத் தைரியம் சேர்ந்தால் போதும் என்றார்.

பாதி வழி அவர் ஓட்டினார், பாதி நான். சிராங்குச் சேட்டன் பின் சீட்டில் ஒரு கண் கட்டோடும், மறு கண் மூடியும் உட்கார்ந்து, சத்தத்தை வைத்தே வழி சொன்னார். "இடத்தே ஒதுக்கு, பெரிசு ஒண்ணு வருது." பஸ் வந்தது. "முன்னால ஒழுக்கு உண்டு, வேகம் குறை." முன்னால் நீரோட்டம் எதுவும் இல்லை, ஆனால் ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் வண்டியைப் பின்னால் எடுத்து ஒரு பலாமரத்தின் முன் நிறுத்த வேண்டியிருந்தது. நான் ஸ்டியரிங்கில் இருந்தேன். வாட்ச்மேன் எங்கோ போயிருந்தார். சேட்டன் கதவைத் துழாவித் திறந்து இறங்கி, பம்பரைத் தடவிக்கொண்டே வண்டிக்குப் பின்னால் போய் நின்று, பார்வையில்லாத கண்ணோடு, "போரட்டே... போரட்டே..." என்று வரச்சொல்லிக் கை காட்டினார். அங்கே நின்றவர்கள் எல்லோரும் எங்களைத்தான் பார்த்தார்கள். நான் அவர் சொன்னபடியே எடுத்தேன். "நில்லு" என்றார். சிஸ்டர் இறங்கிப் பார்த்தார். மரத்துக்கும் வண்டிக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி இருந்தது.

கட்டுப் பிரித்து வெளியே வந்தவர் மரத்தடியில் நின்று காரையே பார்த்தார்.

"இது நம்ம வண்டி இல்ல."

"நம்ம வண்டிதான்."

"நான் வாங்கினது கிரீம் கலர். இது வெள்ளை. மாத்திட்டாங்க."

கண்ணில் புரை இருந்தால் வெள்ளை மஞ்சளாகத் தெரியும் என்று சிஸ்டர் நர்ஸ் என்ற முறையில் சொல்லிப் பார்த்தார். அவர் கேட்கவில்லை. வாட்ச்மேனைக் கூப்பிட்டு, இன்னொரு கிரீம் கார் இங்கே நின்றதா என்று விசாரித்தார். நம்பரைக் காட்டினோம். நம்பரை மாற்றி மாட்டப் பத்து நிமிஷம் போதும் என்றார். கடைசியில் சிஸ்டர், ஊசிக்குப் பயந்து ஓடுகிறவர்களிடம் பேசும் குரலில், "பேசாம ஏறுங்க" என்றார். ஏறிவிட்டார்.

சிஸ்டர் கிண்ணம் ஏந்துவது போல ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை எடுத்தார். சேட்டன் வழி நெடுக ஒரு வழியும் சொல்லவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒரு பால் வேன் போனது. "அதுவும் வெள்ளையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பள்ளிக்கூடத்துச் சுவரைக் காட்டி மறுபடியும் கேட்டார்.